வீட்டில் நன்னீர்த் திருக்கை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் உள்ளங்கை அகல மோட்டோரோ வகைத் திருக்கைக் குட்டி ஒன்று கண்ணாடியில் வயிற்றை ஒட்டியபடி மேலேறுவதைப் பார்ப்பவர்களுக்கு அதன் மேல் ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தண்ணீர், வெயில், மின்சாரம் பற்றிய பேச்செல்லாம் சென்னையை மனத்தில் வைத்தது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நன்னீர்த் திருக்கை என்பது எது? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விற்கும் கடல் திருக்கையின் குட்டியா?

இல்லை. கடைகளில் வளர்ப்புக்காக விற்கப்படுபவை தென் அமெரிக்க நதிகளுக்கே உரிய பொட்டாமோட்ரைகான் இனங்கள். கடல் திருக்கை தன் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்துக் கடலின் உப்பைச் சமாளிக்கிறது. இந்த நதித் திருக்கைகள் அந்தத் திறனைத் தலைமுறை தலைமுறையாக இழந்துவிட்டன. கடல்நீரில் விட்டால் பிழைக்காது. அதேபோல் கடல் திருக்கையைக் கொண்டுவந்து வீட்டு நல்ல தண்ணீரில் விட்டாலும் பிழைக்காது.

எந்த இனத்தை வாங்கலாம்?

முதல்முறை வளர்ப்பவருக்கு மோட்டோரோ. அமேசான், ஓரினோகோ, பரானா நதிப் பரப்புகளில் வாழ்வது. பழுப்பு முதுகில் கருவளையம் சூழ்ந்த மஞ்சள் பொட்டுகள் இருக்கும். பலவகைத் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும், தீனியும் மறுக்காமல் தின்னும். கடைக்காரர்கள் ‘பிளாக் டயமண்ட்’ என்று சொல்லும் கறுப்பு உடல், வெள்ளைப் புள்ளித் திருக்கை பெரும்பாலும் லியோபோல்டி, அல்லது அதன் கலப்பு. லியோபோல்டியின் தாயகம் பிரேசிலின் ஷிங்கு நதி. விலை பல மடங்கு அதிகம், தண்ணீரில் சிறு குறை என்றாலும் தாங்காது. மோட்டோரோவை இரண்டு கோடைக்காலமாவது நல்லபடியாகக் கடத்தியவர்தான் அதற்குப் போக வேண்டும்.

‘டீகப்’ என்ற பெயரில் விற்கப்படும் சின்னத் திருக்கைகள் குறித்து அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேநீர்க் கோப்பை அளவிலேயே நின்றுவிடும் திருக்கை எதுவும் கடையில் இல்லை. அந்தப் பெயரில் வருபவை குட்டிகள், வளரத்தான் போகின்றன. குட்டி பிறக்கும்போதே அதன் தட்டையான வட்ட உடல், அதாவது வட்டு, ஏறத்தாழ 10 செ.மீ. இருக்கும். வளர்ந்த மோட்டோரோவின் வட்டு 50 செ.மீ. அகலத்தைத் தொடும், அதற்கு மேலும் போகும். வால் அதற்குப் புறம்பு. பத்துப் பதினைந்து ஆண்டு உங்கள் வீட்டில் இருக்கப் போகிற உயிர் இது.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

மற்ற மீன்களுக்கு லிட்டர் கணக்கு. திருக்கைக்குத் தரைக் கணக்கு. அது வாழ்வது தொட்டியின் அடியில்தான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அகலம். முழு வளர்ச்சி பெற்ற மீனின் வட்டைப்போல் இரண்டு மடங்காவது அகலம் இருந்தால்தான் அது சுவரில் இடிக்காமல் திரும்ப முடியும். 50 செ.மீ. மோட்டோரோவுக்கு 100 செ.மீ. என்று வருகிறது. அதனால் 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் என்பதை ஒரு ஜோடிக்கான அளவாகச் சொல்கிறேன். அதில் ஏறத்தாழ 1,800 லிட்டர் பிடிக்கும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 6 அடிக்கு 2 அடி தொட்டி, நீளமாகத் தோன்றினாலும், வளர்ந்த திருக்கைக்குச் சந்துதான்.

குட்டியை 4 அடிக்கு 2 அடித் தொட்டியில் தொடங்கிப் பிறகு மாற்றலாமே என்பார்கள். அந்தப் ‘பிறகு’ பல வீடுகளில் வருவதேயில்லை. நன்றாகத் தின்னும் குட்டி ஓராண்டுக்குள் அந்தத் தொட்டியை நிறைத்துவிடும். பெரிய தொட்டிக்கு இடமும் பணமும் இப்போது இல்லையென்றால் குட்டியும் இப்போது வேண்டாம்.

மாடி வீட்டில் வைக்கலாமா?

இதை விரிவாகவே சொல்கிறேன். ஒரு அடி உயரத் தண்ணீர், ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 305 கிலோவை ஏற்றும். இரண்டு அடி என்றால் 610 கிலோ. கண்ணாடி, தாங்கி, மணல் எல்லாம் சேர்த்தால் 700-ஐ நெருங்கும். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு நம் நாட்டுக் கட்டுமானத் தரம், அதாவது ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, கணக்கில் கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். மூன்று மடங்குக்கும் மேல் ஏற்றுகிறோம். அதுவும் இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில்.

நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் மொத்த எடைதான் கூடும். ஒரு சதுர மீட்டரில் விழும் பாரத்தைக் கூட்டுவது உயரம். திருக்கைக்கு உயரம் தேவையே இல்லை என்பதால் நீர்மட்டத்தை ஒன்றரை அடியாகக் குறைத்துக்கொள்ளலாம். பாரம் 460 கிலோ அளவுக்கு இறங்கும். அதுவும் மாடித் தளத்துக்கு அதிகம்தான். கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்காமல் மாடியில் வைக்காதீர்கள். மண்மேல் அமைந்த தரைத்தளம்தான் சரியான இடம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் வேறு மீனைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கும் நல்லது, கீழ்வீட்டுக்காரருக்கும் நல்லது.

கண்ணாடித் தொட்டிதான் வேண்டுமா?

வேண்டியதில்லை. சொல்லப்போனால் திருக்கையின் அழகு முதுகில் இருக்கிறது, மேலிருந்து பார்க்க வேண்டிய மீன் அது. தரைத்தள வராந்தாவிலோ மூடிய கார் நிறுத்துமிடத்திலோ இரண்டடி உயர பைபர் தொட்டி வைத்தால், கண்ணாடித் தொட்டிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியில் இரண்டு மடங்கு தரை கிடைக்கும். ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால், மணலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் மீனின் இரண்டு கண்கள் மட்டும் மேடாக எழுந்து நிற்பதும், அவற்றுக்குப் பின்னால் மூச்சுத்துளைகள் திறந்து மூடுவதும் தெரியும். அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீரை மேலிருந்து இழுத்துக்கொள்வதால்தான் மணலுக்குள் புதைந்தும் அதனால் மூச்சுவிட முடிகிறது.

சிமெண்ட் தொட்டி கட்டினால் உள்ளே எபாக்சி பூசுங்கள். பூசாத சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, ஏறிக்கொண்டேயிருக்கும். கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் 8 அடி நீளம், 2 அடி உயரத்துக்கு 12 மி.மீ. தடிமனுக்குக் கீழே இறங்கக் கூடாது, 15 மி.மீ. என்றால் நிம்மதி. மேல் விளிம்பில் நான்கு பக்கமும் கண்ணாடிப் பட்டை ஒட்ட வேண்டும்.

அடியில் என்ன போடுவது?

மென்மையான, உருண்டையான நுண்மணல், ஒரு அங்குலம் போதும். கட்டட வேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் மீந்திருக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அது பாறையை உடைத்துச் செய்தது, ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை உண்டு. மீனின் வயிற்றுத் தோலையும் வாயையும் கிழிக்கும். கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் இருப்பதால் தண்ணீர் கடினமாகும். நீச்சல்குள வடிகட்டிக்கு விற்கப்படும் சிலிக்கா மணல் நன்றாக இருக்கிறது. சுத்தம் செய்வது எளிது என்று வெறும் தரையாக விடுபவர்களும் உண்டு. மீன் பிழைத்துக்கொள்ளும் என்றாலும், மணலுக்குள் புதையும் இயல்பை அதனிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கூரான கல், கட்டை, அலங்காரப் பொம்மை எதுவும் வேண்டாம்.

சென்னைத் தண்ணீர் ஒத்துவருமா?

குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். தனித் தொட்டியில் ஒருநாள் காற்றடித்து வைத்தோ, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் சேர்த்தோ அதை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் குளோரின் இல்லை. ஆனால் பல பகுதிகளில், கடலோரத்தில் குறிப்பாக, உப்பும் கடினத்தன்மையும் மிகுதி. பண்ணையில் பிறந்த மோட்டோரோ பி.எச். 6.5 முதல் 7.5 வரை சுகமாக இருக்கும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் நிலையாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாரம் மெட்ரோ, மறுவாரம் லாரி, அதற்கடுத்த வாரம் கிணறு என்று மாறிக்கொண்டேயிருந்தால்தான் ஆபத்து.

உப்புக் கிணற்று நீருக்கு நல்ல துணை மழைநீர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டதால் பல வீடுகளில் குழாய் வசதி ஏற்கனவே இருக்கிறது. முதல் மழையை மொட்டை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைகளைப் பிடித்துக் கிணற்று நீரோடு கலந்தால் கடினத்தன்மை இறங்கும். மழைநீரை மட்டுமே ஊற்றாதீர்கள். அதில் கார உப்புகள் இல்லாததால் பி.எச். ஒரே இரவில் சரிந்துவிடக்கூடும்.

வாரம் 30 சதவீதம் மாற்றினாலே, 1,800 லிட்டர் தொட்டிக்கு 540 லிட்டர் தண்ணீர். வளர்ந்த ஜோடி இருந்தால் அதற்கு மேலும் ஆகும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, தெருவெல்லாம் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் திருக்கை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் இருப்பவர்கள், வெளியே எடுக்கும் நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள். நைட்ரேட் நிறைந்த அந்த நீர் செடிகளுக்கு நல்ல உரம்.

தொட்டி நிரப்பிய அன்றே மீனை விடலாமா?

கூடவே கூடாது. திருக்கை அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன். அந்தக் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து காட்டிய பிறகே கடைக்குப் போங்கள். உறுதியான சில மீன்களை முதலில் விட்டோ, அமோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தோ பாக்டீரியாவை வளர்க்கலாம். ஏற்கனவே ஓடும் தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சு கிடைத்தால் வேலை விரைவாகும்.

நம் ஊர்க் கிணற்று நீர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே அளவு அமோனியா இருந்தாலும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதில் நஞ்சாக மாறும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. பி.எச். குறைந்த நீரில் மீன் தாங்கும் அளவு, பி.எச். கூடிய நீரில் அதைக் கொன்றுவிடும்.

வடிகட்டி எப்படி இருக்க வேண்டும்?

தொட்டிக்குக் கீழே அல்லது பக்கத்தில் பெரிய சம்ப், அதாவது வடிகட்டும் பொருள்களை வைக்கும் தனித் தொட்டி. மணிக்கு ஐந்து முறையாவது தொட்டி நீர் முழுவதும் அதன் வழியே சுற்றி வர வேண்டும், அதாவது 9,000 லிட்டர் பம்ப். தூசியைப் பிடிக்கும் பகுதியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எளிதாக எடுத்துக் கழுவும்படி அமையுங்கள். ஹீட்டர் தேவைப்படும் ஊராக இருந்தால் அதையும் சம்பில் வையுங்கள். தொட்டியில் வைத்தால் திருக்கை அதன்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளும்.

வெயிலும் மின்வெட்டும்?

இந்த மீனுக்கு 25 முதல் 29 டிகிரி வரை உகந்தது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் தங்கும், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் மீனுக்குத் தேவைப்படுவதோ அதிகம். மே மாதத்தில் மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குமிழி விடும் காற்றுக்கற்களைக் கூட்டி, தீனியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் இணைப்பு வீட்டு மின்விளக்குக்கு முன்னால் காற்றுப் பம்புக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் பேட்டரியில் ஓடும் தனிக் காற்றுப் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் தீனி போடக் கூடாது.

கொசு மருந்து அடிக்கலாமா?

தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். கொசுவர்த்தி, திரவக் கொசுவிரட்டி, தெளிப்பான் ஆகியவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்ப் அறைக்காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் வரும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்துங்கள். வராந்தாத் தொட்டியை மூட ஒரு தார்ப்பாலின் தயாராக இருக்க வேண்டும். வலைக்கதவு போடுவதே நிரந்தரத் தீர்வு.

கடையில் நல்ல மீனை எப்படி அடையாளம் காண்பது?

தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத திருக்கையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடுத்து, வால் தொடங்கும் இடத்தின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அங்கே இடுப்புக் குருத்தெலும்பு இரண்டு முடிச்சாகத் துருத்திக்கொண்டிருந்தால் அது நெடுநாளாகப் பட்டினி கிடந்த மீன். நல்ல மீனுக்கு அந்த இடம் சதைப்பற்றோடு மேடாக இருக்கும். வட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் தண்ணீரோ உடலோ மிகவும் கெட்டிருக்கிறது என்று பொருள். அப்படிச் சுருண்டவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆணா பெண்ணா என்பது குட்டியிலேயே தெரியும். ஆணுக்கு வாலடியில் விரல்போல இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் விளக்கை அணைத்துவிட்டு, பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைச் சேர்த்து ஒரு மணி நேரத்தில் விடலாம். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையிலேயே வந்த மீனுக்கு இந்த நிதானம் கூடாது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, பையில் சேர்ந்திருக்கும் அமோனியா நஞ்சாகும். வெப்பம் சமமானதும் திறந்து உடனே மாற்றிவிடுங்கள்.

என்ன தீனி?

குட்டிக்கு உறைந்த இரத்தப்புழு, மண்புழு, பொடியாக நறுக்கிய இறால், நாளுக்கு இரண்டு வேளை. பெரிய மீனுக்கு ஓடு நீக்கிய இறால், மீன் சதை, மண்புழு, மூழ்கும் குச்சித் தீனி, ஒரு வேளை. பச்சை இறாலிலும் சில மீன்களிலும் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருப்பதால் ஒரே தீனியை மாதக்கணக்கில் போடக் கூடாது. மண்புழுவை ரசாயன உரம் படாத இடத்திலிருந்து எடுங்கள். மாட்டிறைச்சி, கோழி வேண்டாம். உயிருள்ள தீனி மீன்கள் நோயைக் கொண்டுவரும், அவையும் வேண்டாம். தின்னாமல் மிஞ்சியதை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

கூட என்ன மீன் விடலாம்?

மேல்மட்டத்தில் நீந்தும் சில்வர் அரோவானா, நடுமட்டத்தில் சாந்தமான பெரிய மீன்கள். வாயில் நுழையும் அளவுள்ள எதுவும் தீனியாகிவிடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனை விடவே கூடாது. இரவில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு சளிப்படலத்தை உறிஞ்சும், அந்த இடம் புண்ணாகும்.

நோய் வந்தால்?

கடையில் கிடைக்கும் வெள்ளைப்புள்ளி நோய் மருந்தை எடுத்து ஊற்றும் பழக்கம் இங்கே ஆபத்தானது. தாமிரம் கலந்த மருந்துகளைத் திருக்கை தாங்காது. முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாதி மாற்றுங்கள். பல தொல்லைகள் அதிலேயே அடங்கும். புதிய மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் மீன்பேனும் செவுள் ஒட்டுண்ணியும் பெரிய தொட்டிக்குள் வராது.

முள் குத்துமா? குத்தினால் என்ன செய்வது?

குத்தும். வாலின் மேல்பக்கத்தில் ரம்பப்பல் கொண்ட முள் இருக்கிறது, அதைச் சுற்றிய தோலில் நஞ்சு இருக்கிறது. மிரண்டாலோ அழுத்தப்பட்டாலோ மட்டும் அது வாலை வீசும். தொட்டிக்குள் கைவிடும்போது மீன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். வலையால் பிடிக்காதீர்கள், முள் வலையில் சிக்கி மீனும் காயப்படும். தண்ணீரோடு அள்ளும்படியான அகலத் தொட்டியில் நீந்தவிட்டு எடுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் தரைத் தொட்டிக்குப் பூட்டும் மூடி கட்டாயம்.

குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கும் அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி வெகுவாகக் குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட இடத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. இறுக்கிக் கட்டுப்போடாதீர்கள். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கலாம், சதை அழுகலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். மார்பிலோ வயிற்றிலோ ஆழமாகக் குத்தியிருந்தால் முள்ளை நீங்களாகப் பிடுங்காமல் அப்படியே கொண்டுசெல்லுங்கள்.

குட்டி போடுமா?

போடும். முட்டையிடாமல் கருவைச் சுமந்து, கருப்பையில் பால்போன்ற திரவத்தை ஊட்டி வளர்த்து, முழு உருவோடு குட்டியை ஈனும். இணைசேரும்போது ஆண் பெண்ணின் வட்டு ஓரத்தைக் கவ்விக் கடிக்கும். காயம் ஆறாமல் மீண்டும் மீண்டும் துரத்தினால் பிரித்து வைக்க இன்னொரு பெரிய தொட்டி வேண்டும். அதற்கு இடமில்லாதவர்கள் ஒரே பாலின மீன்களை வளர்ப்பது நல்லது.

அனுமதி வேண்டுமா?

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2022-இல் பனாமாவில் நடந்த அதன் மாநாட்டில் லியோபோல்டி, ஹென்லை உள்ளிட்ட ஏழு பிரேசில் திருக்கை இனங்கள் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் நடக்கிறது. வாங்குமுன் கடைக்காரரிடம் இறக்குமதி ஆவணமும் ரசீதும் கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியில் விட்டுவிடலாமா?

எந்தச் சூழ்நிலையிலும் விடக் கூடாது. சிங்கப்பூரின் அப்பர் செலேத்தார் நீர்த்தேக்கத்தில் யாரோ விட்ட மோட்டோரோக்கள் அங்கேயே பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஏரிகளில் வலை நிறைய ஏறும் சக்கர் மீன்களும் ஒரு காலத்தில் யார் வீட்டுத் தொட்டியிலோ இருந்தவைதான். முள்ளுள்ள திருக்கை பெருகினால் இடுப்பளவு நீரில் வெறுங்காலோடு இறங்கி வலை வீசுபவர்தான் அடிபடுவார். வாங்கிய கடைக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் இன்னொரு வளர்ப்பாளரிடமும் சொல்லி வையுங்கள். பதிவு செய்த இனமாக இருந்தால் கைமாறும் தகவலையும் பதிவில் சேர்க்க வேண்டும்.